ஒரு மரம், ஒரு நோட்டு: சென்னையில் பருவம் பார்க்கத் தொடங்குவோருக்கு

எங்கள் தெருமுனைப் புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அண்ணனுக்கு மரங்களின் பெயர் நாலைந்துக்கு மேல் தெரியாது. ஆனால் பங்குனி பிறந்ததும் வண்டிக்கு மேலே ஒரு பழைய பெட்ஷீட்டை இழுத்துக் கட்டிவிடுவார். வெயிலுக்கா என்று ஒருமுறை கேட்டேன். "வெயிலுக்கு மரமே இருக்கே சார். இன்னும் பத்து நாள்ல துணி மேலெல்லாம் பொரி பொரியா கொட்டும் பாருங்க" என்றார். பதினோராம் நாள் கொட்டியது. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, நிஜமாகவே பொரி போல. சங்கப் புலவர்களும் புங்கம்பூவுக்குப் பொரியைத்தான் உவமை சொன்னார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அந்த அண்ணன் செய்வதுதான் பருவம் பார்ப்பது. அதற்குத் தாவரவியல் படிப்பு தேவையில்லை, காடும் தேவையில்லை. ஒரே மரத்தின் கீழ் வருடக்கணக்கில் நின்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். சென்னைக்கு வெயில், கடும் வெயில், மழை தவிர வேறு பருவமே கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தான் நானும். நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர் என்ன செய்யலாம் என்பதை நான் செய்த தவறுகளோடு சேர்த்துச் சொல்கிறேன். ஊர் சென்னை என்றாலும், கடலூரிலோ புதுச்சேரியிலோ இருப்பவர்கள் பெரிய மாற்றமில்லாமல் பின்பற்றலாம். கோவை, நெல்லைக்காரர்கள் மாதக் கணக்கைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதலில் ஒரே ஒரு மரம்

ஆர்வத்தில் முதல் வாரமே ஐம்பது மரத்துக்குப் பட்டியல் போடாதீர்கள். நான் போட்டேன். மூன்றாம் வாரம் பட்டியலும் நின்றது, நடையும் நின்றது. தினமும் எப்படியும் கடந்துபோகிற ஒரு மரத்தைப் பிடியுங்கள். பால் வாங்கும் கடை வாசல், பஸ் ஸ்டாப், அலுவலக வண்டி நிறுத்துமிடம், மொட்டை மாடியிலிருந்து தெரியும் பக்கத்து வீட்டு வேம்பு, எது வேண்டுமானாலும் இருக்கலாம். அதற்கென்று தனியாகக் கிளம்பிப் போக வேண்டிய மரம் வேண்டாம்.

மரத்தின் உச்சிப்பகுதி ஓரளவாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பூ பெரும்பாலும் மேலேதான் முதலில் வரும். தரை கொஞ்சம் திறந்திருந்தால் இன்னும் நல்லது. மேலே பார்க்கத் தவறியதை விழுந்து கிடக்கும் இதழும் காயும் சொல்லிவிடும். கழுத்து வலிக்காரர்களுக்கு இது பெரிய வரம்.

எந்த மரம் என்று என்னைக் கேட்டால், முதல் வருடத்துக்குப் புங்கம், வேம்பு, பூவரசு மூன்றில் ஒன்று என்பேன். சென்னைத் தெருக்களில் சுலபமாகக் கிடைக்கும். புங்கமும் வேம்பும் ஒரே வருடத்துக்குள் இலை உதிர்த்து, துளிர்த்து, பூத்து, காய்த்து எல்லாவற்றையும் காட்டிவிடும். பூவரசு வேறு ரகம். வருடம் முழுக்க அங்கங்கே பூத்துக்கொண்டே இருக்கும். ஆனால் அதன் ஒரு பூவை மட்டும் காலையில் குறித்து வைத்துக்கொண்டு மாலையிலும் மறுநாளும் பாருங்கள். அடிப்பகுதியில் கருஞ்சிவப்புப் பொட்டோடு மஞ்சளாக மலர்ந்தது, வாடும்போது செந்நிறத்துக்கு மாறியிருக்கும். பொறுமை இல்லாதவர்கள் பூவரசிலிருந்தே தொடங்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. கோயில் தல விருட்சம். மயிலாப்பூர் கபாலீசுவரருக்குப் புன்னை, திருவொற்றியூர் தியாகராசருக்கு மகிழம், திருவான்மியூர் மருந்தீசுவரருக்கு வன்னி. புரசைவாக்கத்துக்குப் பெயரே புரச மரத்தால் வந்தது. தல விருட்சத்தைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு சௌகரியம்: பெயரைத் தேடி அலைய வேண்டாம், யாரும் சட்டென்று வெட்டிவிட மாட்டார்கள். சென்னையில் இரண்டாவதுதான் பெரிய சௌகரியம்.

பெயர் கண்டுபிடிப்பது

பெயர் தெரியாமலேயே கவனிக்கத் தொடங்கலாம். என் நோட்டில் ஒரு மரம் ஐந்து மாதம் "மருந்துக்கடை மரம்" என்றே இருந்தது. ஆனாலும் பெயர் தெரிந்தால் அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்க்க முடியும்.

இலையில் தொடங்குங்கள். காம்புக்கு ஒரே இலையா, அல்லது ஒரு காம்பில் பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலையா? பூவரசும் அரசும் தனியிலை. வேம்பும் புங்கமும் கூட்டிலை. புளி, குல்மோகர் மாதிரி பொடிப்பொடியாக இறகு போலிருப்பதும் கூட்டிலைதான். இந்த ஒரு கேள்வியிலேயே பாதிக் குழப்பம் தீரும். அப்புறம் பட்டை: வழுவழுப்பா, வெடித்திருக்கிறதா, முள் இருக்கிறதா? கிள்ளினால் பால் வருகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அரளி வகைகளின் பால் விஷம், எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அதனால் உதிர்ந்த இலையை வைத்தே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

போனில் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. கூகுள் லென்ஸ் உடனே ஏதோ ஒரு பதில் சொல்லும். ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றினால் விஷயம் தெரிந்த மனிதர்கள் யாராவது வந்து திருத்துவார்கள். முழு மரம், இலையின் மேல்பக்கமும் அடிப்பக்கமும், பட்டை, பூ அல்லது காய் என்று நாலு படமாவது எடுங்கள். தூரத்திலிருந்து ஒரே படம் எடுத்துப் போட்டால் செயலி ஊகம்தான் சொல்லும்.

இறகிலை மரங்களில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். எங்கள் பகுதி விளையாட்டுத் திடல் ஓரத்து மரம் ஒன்றை நான் ஏறக்குறைய ஒரு வருடம் தூங்குமூஞ்சி என்று எழுதிக்கொண்டிருந்தேன். மாசி மாதம் ஒரு காலை, காற்று அடித்ததும் மரம் முழுக்கச் சலசலவென்று சத்தம். இலையே இல்லை, எங்கிருந்து சத்தம் என்று பார்த்தால், வைக்கோல் நிறத்தில் காகிதம் போல மெல்லிய நெற்றுகள். உள்ளே விதை உருண்டு கிலுகிலுப்பை ஆட்டுகிறது. தூங்குமூஞ்சிக் காய் அப்படி இருக்காது. கறுப்பாக, தடிமனாக, பிசுபிசுப்பாக இருக்கும், மாடுகள் விரும்பித் தின்னும். நான் பார்த்துக்கொண்டிருந்தது வாகை. ஒரு வருடத்துக் குறிப்பில் எல்லாப் பக்கத்திலும் பெயரை அடித்துத் திருத்தினேன். ஆனால் தேதிகள் சரியாக இருந்ததால் உழைப்பு வீண் போகவில்லை. பெயரை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். எழுதாமல் விட்ட தேதியை அப்புறம் எழுத முடியாது.

அந்த இரண்டையும் பிரித்தறிய இன்னும் சில குறிப்புகள். தூங்குமூஞ்சிப் பூ இளஞ்சிவப்புப் பவுடர் பஃப், வாகைப்பூ பச்சை கலந்த வெண்மை, வாசனை தூக்கல். தூங்குமூஞ்சி மாலையில் இலையை மடித்துக்கொள்ளும், நன்றாக மேகம் மூடிய நாளிலும் மடித்துக்கொள்ளும். இதே இறகிலைக் கூட்டத்தில் குல்மோகரும் இயல்வாகையும் உண்டு. குல்மோகரின் காய் பட்டாக்கத்தி மாதிரி நீளம். இயல்வாகையின் காய் விரல் நீளத்தில் தட்டையாக, செம்பு நிறத்தில் கொத்துக் கொத்தாக நிற்கும். பூ இல்லாத மாதங்களில் காயை வைத்தே சொல்லிவிடலாம்.

இன்னொன்று. சுவரோரம் ஊசிபோல உயர்ந்து நிற்கும் மரத்தை ஊரே அசோக மரம் என்கிறது. அது நெட்டிலிங்கம். அசோகு வேறு. அது ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துப் பூ வைக்கும் மரம். இதைத் திருத்தப் போய் நான் நிறைய விரோதம் சம்பாதித்திருக்கிறேன். நீங்கள் நோட்டில் மட்டும் சரியாக எழுதிக்கொண்டால் போதும்.

நோட்டில் என்ன எழுதுவது

வாரம் ஒருமுறை, முடிந்தால் ஒரே கிழமை, ஏறக்குறைய ஒரே நேரம். எனக்கு ஞாயிறு காலை ஏழு மணி. தினமும் பார்த்தால் மாற்றம் கண்ணில் படாது. மாதம் ஒருமுறை என்றால் பூத்ததும் தெரியாது, உதிர்ந்ததும் தெரியாது.

மூன்று விஷயம் பாருங்கள். இலையில் துளிர், முற்றியது, பழுத்தது. பூவில் மொட்டு, மலர்ந்தது. காயில் பிஞ்சு அல்லது காய், பழுத்தது. ஒவ்வொன்றுக்கும் "இல்லை, கொஞ்சம், நிறைய" என்ற மூன்று வார்த்தை போதும். மரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் கொஞ்சம், மேலே போனால் நிறைய. நாற்பது சதவீதமா ஐம்பதா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இந்த அளவுகோல் என் கண்டுபிடிப்பு இல்லை. இந்தியா முழுக்கப் பொதுமக்களை வைத்தே மரங்களின் பருவத்தைப் பதிவு செய்யும் சீசன்வாட்ச் திட்டம் இப்படித்தான் கேட்கிறது. அவர்களுக்குச் செயலியும் உண்டு. கேரளப் பள்ளிப் பிள்ளைகள் அதில் மும்முரமாகப் பதிவு செய்கிறார்கள். நம் பக்கத்து மரங்களும் அதில் சேர்ந்தால் நல்லது. எனக்கு முதலில் நோட்டு, அப்புறம்தான் செயலி. போன் மாறும், நோட்டு அலமாரியில் கிடக்கும்.

என் புங்கத்தின் ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

"மார்ச் இரண்டாம் ஞாயிறு. பழுத்த இலை நிறைய, தரையெல்லாம் சருகு. தெற்குப் பக்கக் கிளை நுனியில் துளிர் கொஞ்சம், எண்ணெய் தடவியது போல் மினுமினுப்பு. மொட்டு இல்லை. போன வருடத்து நெற்று நிறைய. அணில் இரண்டு. இஸ்திரி அண்ணன் இன்னும் பெட்ஷீட் கட்டவில்லை."

கடைசி வரியை எழுதத் தயங்காதீர்கள். பிற்பாடு எடுத்துப் படிக்கையில் ஞாபகத்தைக் கிளறுவது அந்த மாதிரி வரிகள்தான். அதேபோல "மாற்றம் இல்லை" என்பதையும் எழுதுங்கள். ஒன்றுமே நடக்காத எட்டு வாரத்தை எழுதாமல் விட்டால், ஒன்றும் நடக்கவில்லையா, நீங்கள் போகவில்லையா என்று அப்புறம் தெரியாது.

படம் எடுப்பதானால் ஒரே இடத்தில் நின்று எடுங்கள். நான் எதிர்வீட்டுக் கேட்டின் இடது தூணைத் தொட்டபடி நின்று எடுப்பேன். வருடக் கடைசியில் ஐம்பது படத்தையும் வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் மரம் மூச்சு விடுவது போலத் தெரியும். தொலைநோக்கி கட்டாயமில்லை, போன் ஜூமே போதும். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று கிடைத்தால் வாங்கி வையுங்கள், உதிர்ந்த பூவைப் பார்க்கத் தனி சுகம்.

எந்த மாதத்தில் எதைப் பார்ப்பது

வசந்தம், இலையுதிர் காலம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த நான்கு பருவத்தை வைத்துக்கொண்டு சென்னையைப் பார்த்தால் ஒன்றும் பொருந்தாது. நம்மவர்கள் பிரித்து வைத்த ஆறு பொழுதுகள் எவ்வளவோ மேல்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆவணியில் தொடங்கி இரண்டிரண்டு மாதம். அப்படியே அச்சாகப் பொருந்துகிறது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நோட்டைப் பிரித்துக்கொள்ள வசதி.

தொடங்குவதற்கு நல்ல சமயம் பின்பனி, அதாவது மாசியும் பங்குனியும். ஏனென்றால் அப்போதுதான் எல்லாம் ஒரேயடியாக நடக்கும். மழை நின்று இரண்டு மாதம் ஆகியிருக்கும், மண் காய்ந்திருக்கும். சென்னையின் ஒரு வருட மழை ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். அதனால் மரங்கள் இலையை உதிர்த்துத் தண்ணீரை மிச்சம் பிடிக்கின்றன. வேம்பும் அரசும் வாகையும் சருகு கொட்டும். பிறகு, வெயில் ஏறிக்கொண்டே போகும் அதே நாட்களில், ஒரு சொட்டு மழை இல்லாமலே துளிர் விடும். முதல் வருடம் இதைப் பார்த்து எனக்கு நம்ப முடியவில்லை. அரசந்துளிர் செம்பும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம். வேப்பந்துளிரும் அதே சாயல். காலை எட்டு மணிக்கு முன், சூரியன் மரத்துக்குப் பின்னால் இருக்கும்படி நின்று பாருங்கள்.

இதே சமயத்தில் இலை இல்லாத மரத்தில் பூப்பவையும் உண்டு. முள்ளிலவின் சிவப்புப் பூ கைப்பிடி அளவு, சதைப்பற்றான கிண்ணம். விழும்போது 'தொப்'பென்று சத்தம் கேட்கும். பூ இருக்கும் வரை மைனா, காக்கை, அணில் எல்லாம் தேனுக்கு வரிசை கட்டும். மரத்தைப் பார்க்கப் போய்ப் பறவை பார்க்கிறவராக ஆனவர்கள் பலரும் இந்த மரத்தடியில் கெட்டுப்போனவர்கள்தான். கல்யாண முருங்கையும் இப்போதுதான் பூக்கும். புரசு நகரத்துக்குள் அரிது. கிடைத்தால் விடாதீர்கள், அந்தச் செம்மஞ்சள் வேறு எதிலும் கிடையாது.

இளவேனில், சித்திரையும் வைகாசியும். வேப்பம்பூவை வருடப்பிறப்புக்கு வீட்டிலேயே தேடுவார்கள், பச்சடிக்கு. மொட்டை மாடிக்கு வேப்பங்கிளை சாய்ந்திருந்தால் ராத்திரி ஒரு பழைய வேட்டியை விரித்துவிட்டுக் காலையில் அள்ளுவார்கள். நோட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு கணக்கு உண்டு: சித்திரை ஒன்றாம் தேதி உங்கள் வேம்பு மொட்டா, முழுப்பூவா, பிஞ்சே வந்துவிட்டதா? வருடா வருடம் அதே தேதியில் அதே கேள்வி. ஒரு பைசா செலவில்லாத ஆய்வு.

சரக்கொன்றை பொன்சரமாகத் தொங்குவதும் இப்போதுதான். கொன்றையில் எனக்கு ஒரு பழைய புதிர் உண்டு. சங்கப் பாடல்களில் கொன்றை கார்காலத்தின் அடையாளம். கார் தொடங்குமுன் வருவேன் என்று சொல்லிப் போன தலைவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். இந்த மரம் மடமையால் பருவமல்லாத மழையைக் கார் என்று எண்ணிப் பூத்துவிட்டது என்கிறாள் தோழி. எனக்குத் தெரிந்து மரம் தப்பான நேரத்தில் பூத்ததைப் பற்றிய இவ்வளவு அழகான பதிவு வேறில்லை. ஆனால் நம் தெருவில் கொன்றை ஏப்ரல், மே மாதங்களில்தான் உச்சம். என் குறிப்பில் ஆவணி மழைக்குப் பிறகு இரண்டு மூன்று சரம் மட்டும் மறுபடி பூத்ததாக இரண்டு வருடம் பதிவாகியிருக்கிறது. பழம்பாட்டுக்கும் இன்றைய மரத்துக்கும் நடுவே என்ன நடந்தது என்று உங்கள் கொன்றையும் ஏதாவது சொல்லலாம். விஷுவுக்கு முன்பே பூத்து ஓய்ந்துவிடுகிறது என்று கேரளத்திலும் இதைப் பற்றிப் பேச்சு உண்டு.

கத்திரி வெயில் மே முதல் வாரத்தில் தொடங்கும்போது குல்மோகர் தீப்பிடித்தது போல நிற்கும். மடகாஸ்கரிலிருந்து வந்த மரம், ஆனால் நம் கோடை விடுமுறையோடு அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டது. விழுந்த பூ ஒன்றை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். ஐந்து இதழில் நான்கு சிவப்பு, ஒன்று மட்டும் வெள்ளையும் மஞ்சளுமாகக் கோடு போட்டிருக்கும். மகரந்தத் தாள்களைக் கொக்கி மாட்டி இழுத்துக் கோழிச்சண்டை விட்டது நினைவு வருகிறவர்களும், புல்லி இதழை நகத்தில் ஒட்டிக்கொண்டு திரிந்தது நினைவு வருகிறவர்களும் ஏற்கெனவே பாதித் தாவரவியல் படித்தவர்கள். இயல்வாகையின் மஞ்சள், நடைபாதையில் பாய் விரித்தது போலக் கிடப்பதும் ஏறக்குறைய இதே நாட்களில்.

முதுவேனிலில், ஆனி ஆடியில், பூ குறைந்து பழம் தொடங்கும். நடைபாதை ஊதாக் கறையானால் தலைக்கு மேல் நாவல் இருக்கிறது என்று பொருள். தள்ளுவண்டியில் நாவல்பழம் வரும் தேதியையும் குறித்து வையுங்கள், அதுவும் பதிவுதான். வேப்பம்பழம் மஞ்சளாகி உதிரும். முதல் பெருமழை வரும்போது விதை மண்ணில் இருக்க வேண்டும் என்ற கணக்கு மரத்துக்கு இருக்கிறது போலும். புங்கத்துக்கு அந்த அவசரம் இல்லை. அதன் நெற்று முற்றப் பத்து மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் புதுப்பூவும் பழைய நெற்றும் ஒரே மரத்தில் சேர்ந்து நிற்கின்றன.

கார்காலம் சென்னையில் கொஞ்சம் மந்தம். கடம்பு கிடைத்தால் அதன் பந்துப் பூவைப் பாருங்கள். தேக்கு உச்சியில் வெண்பூக் கொத்து வைத்திருக்கும். இயல்வாகை இரண்டாம் முறை மஞ்சள் காட்டும். "மாற்றம் இல்லை" என்று அதிகம் எழுதப்போவது இந்த வாரங்களில்தான்.

கூதிர் காலத்தை மூக்கால் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் ஏழிலைப்பாலையின் கனத்த மணம் ஒரு தெருவையே பிடித்துக்கொள்ளும். சிலருக்குத் தலைவலி, எனக்குப் பிடிக்கும். மரமல்லி இரவில் மலர்ந்து, நீளக் குழல்பூவை விடியற்காலையில் உதிர்த்திருக்கும். மழை விட்ட காலையில் ஆறு மணிக்குப் போனால் ஈரத் தார்ச்சாலையில் வெள்ளையாகக் கிடக்கும். எட்டு மணிக்குப் போனால் பெருக்கியிருப்பார்கள், அல்லது வண்டிச் சக்கரம் நசுக்கியிருக்கும். பவழமல்லிக்கும் இதே நேரம்தான். புதர்க்காடு மிச்சமிருக்கும் இடங்களில் வேலியோரம் செங்காந்தளும் இந்த மழையில்தான் வரும்.

முன்பனியில் மார்கழிக் கோலத்துக்குப் பரங்கிப்பூவும் பூவரசம்பூவும் வந்து உட்காரும். தை மாதம் நாட்டு வாதுமை மரத்தைக் கவனியுங்கள், தெருவில் பாதாம் மரம் என்பார்களே, அதுதான். உதிர்வதற்கு முன் பெரிய இலைகள் ஒவ்வொன்றாகச் செக்கச்செவேலென்று மாறும். குளிர்நாட்டு இலையுதிர் காலப் படங்களைப் பார்த்து ஏங்குகிறவர்களுக்கு இந்த ஒரு மரம் இங்கேயே ஆறுதல் தரும்.

மரமே இல்லாத தெருவில்

அப்படியும் தெருக்கள் உண்டு. அங்கே தரையைப் பாருங்கள். மழைக்குப் பிறகு நடைபாதை இடுக்கிலும் காலி மனையிலும் குப்பைமேனி, மூக்கிரட்டை, தும்பை, நெருஞ்சி எல்லாம் முளைக்கும். தும்பை மழையோடு வந்து வெயிலோடு போய்விடும். எருக்கு எதற்கும் அசையாது. ஒரு சதுர மீட்டர் காலி மனையை மரம் போலவே வாரம் ஒருமுறை எழுதலாம்.

வாரக் கடைசியில் பெரிய மரங்களைப் பார்க்க விரும்பினால் இடங்கள் உண்டு. அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989-இல் சாய்ந்துவிட்டது, விழுதுகள்தான் இன்று தோப்பாக நிற்கின்றன. அங்கே நுழைவு நேரம் கட்டுப்பாடு உண்டு, கேட்டுக்கொண்டு போங்கள். கிண்டி தேசியப் பூங்கா மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 1978-இல் தேசியப் பூங்காவானது. சென்னையின் பழைய உலர் பசுமைமாறாக் காடு எப்படி இருந்தது என்பதற்கு நகரத்துக்குள் மிஞ்சிய சாட்சிகளில் ஒன்று. லஸ் நாகேசுவரராவ் பூங்கா, பனகல் பார்க் போன்றவை நடை போகிறவர்களுக்கு வசதி. ஆனால் இவையெல்லாம் கூடுதல்தான். உங்கள் வாராந்திர மரம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

சில எச்சரிக்கைகள்

மேலே பார்த்துக்கொண்டே பின்னால் நகராதீர்கள். மூடாத வடிகால் சென்னையில் ஏராளம். அடுத்தவர் வீட்டு மாடியை நோக்கிப் போனைத் தூக்கினால் சந்தேகப்படுவது இயல்பு. முதல் நாளே காவலாளியிடம், "இந்த மரம் பூக்கிறதைக் குறிச்சு வைக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். ஒரு மாதத்தில் அவரே உங்களுக்குத் தகவல் சொல்லுவார். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை காக்கைக் கூடு இருக்கும் மரத்தடியில் தொப்பி போடுங்கள். நான் மண்டையில் இரண்டு முறை கொத்து வாங்கியிருக்கிறேன். மழைக்காலத்தில் முருங்கைத் தண்டில் சாயாதீர்கள், கம்பளிப்பூச்சி அப்பியிருக்கும். அடையாளத்துக்கு ஆணி அடிக்கவோ பெயின்ட் பூசவோ வேண்டாம். பூவைப் பறிக்கவும் வேண்டாம், கீழே கிடப்பதே போதும்.

இரண்டாம் வருடம்

முதல் வருடம் எழுதுவது வெறும் சேகரம். ருசி இரண்டாம் வருடத்தில்தான். போன வருடம் இதே வாரம் என்ன எழுதினோம் என்று புரட்டிப் பார்த்துவிட்டு மரத்தடிக்குப் போவீர்கள். பத்து நாள் முந்தினால் மனசு காரணம் தேடும்: மழை சீக்கிரம் நின்றதா, கிளையை வெட்டினார்களா? என் புங்கம் ஒரு வருடம் பூக்கவே தயங்கியது. நோட்டைப் பார்த்தேன். தை மாதம் மின்கம்பிக்காக ஒரு பக்கத்தை மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தார்கள். வெட்டாத பக்கம் வழக்கம்போலப் பூத்தது, வெட்டிய பக்கம் வெறும் இலை. எழுதியிருக்காவிட்டால் வெயில் மேல் பழி போட்டிருப்பேன்.

மரமே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் இந்த நகரம் ஏராளமான மரங்களை ஒரே பகலில் இழந்தது. குல்மோகரும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. எங்கள் பின்தெருப் பூவரசும் அன்று போயிற்று. அறுத்தவர்கள் இடுப்பளவு கட்டையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். நானும் அந்தப் பக்கத்தை நோட்டில் மூடிவிட்டேன். அது தப்பு. பொங்கல் கழிந்து ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது, கட்டையின் விளிம்பில் விரல் நீளத்துக்கு நாலைந்து குச்சி, ஒவ்வொன்றிலும் இதய வடிவில் சின்ன இலை. எந்த வாரம் முதலில் முளைத்தது என்று என் நோட்டில் இல்லை. ஆகவே மரம் விழுந்தாலும் கட்டை இருக்கும்வரை வாரா வாரம் போய்ப் பாருங்கள். துளிர்: கொஞ்சம், பூ: இல்லை, காய்: இல்லை என்று தேதி போட்டு எழுதுங்கள்.